இளவேனிலைக் கிளையில் தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் வந்தால் உதகை மலர்க் கண்காட்சியின் படங்கள் எல்லா நாளிதழ்களிலும் வருகின்றன. வரட்டும், அழகுதான். ஆனால் அவை தொட்டியிலும் பாத்தியிலும் நாள் குறித்து வளர்த்த மலர்கள். அதே நாட்களில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் கோயில்காட்டிலும் பூத்துக் குலுங்குபவற்றைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம். அவற்றை எப்போது, எங்கே, எப்படிப் பார்ப்பது என்று வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். வசந்தகாலக் காட்டுப்பூக்கள் என்றதும் பலரும் குனிந்து தரையைத் தேடுகிறார்கள். காய்ந்த புல்லைத் தவிர எதுவும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். குளிர்நாடுகளில் பனி உருகியதும் தரையில் செடிகள் பூக்கும். அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணின் கோளாறு இது. நம் சமவெளியில் தரைச்செடிகளின் காலம் மழையை ஒட்டியது. தும்பையும் செங்காந்தளும் ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வேண்டியவை. மாசி முதல் வைகாசி வரை பூப்பவை பெரும்பாலும் மரங்களும் புதர்களுமே. ஆகவே நிமிர்ந்து பாருங்கள்.

இந்த மரங்களில் பல, இலையை உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையில் பூக்கின்றன. தண்ணீர் இல்லாத காலத்தில் இலையை வைத்திருந்தால் அதன் வழியே ஈரம் போய்க்கொண்டே இருக்கும். உதிர்த்துவிட்டால் தண்டிலும் வேரிலும் சேர்த்ததைப் பூவுக்குச் செலவிடலாம். இலை மறைக்காத பூ, பறவைக்கும் வண்டுக்கும் நெடுந்தொலைவிலேயே தெரியும். முள்ளிலவு, புரசு போன்றவற்றின் விதை, மழை தொடங்கும் முன்பே முற்றி மண்ணுக்கு வந்துவிடவும் இந்தக் கணக்கு உதவுகிறது. எனவே "பட்டுப்போன மரம்" என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். கிளை நுனியில் முண்டு முண்டாக ஏதேனும் தெரிந்தால், அது அடுத்த வாரத்துப் பூ.

பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். ஆனால் பூப்பார்வையை மாசியிலேயே தொடங்கிவிட வேண்டும். சித்திரை வரை காத்திருந்தால் சிவப்பு வரிசை முழுவதும் முடிந்துபோயிருக்கும்.

அந்தச் சிவப்பு வரிசையில் மூன்று மரங்கள்: முள்ளிலவு, கல்யாண முருங்கை, புரசு. மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. முள்ளிலவு நெடுமரம், அடிமரத்தில் கூம்பு கூம்பாய் முட்கள். பூ உள்ளங்கை அகலம், தடித்த ஐந்து இதழ், நடுவில் அறுபதுக்கு மேற்பட்ட மகரந்தத் தாள்கள். உதிரும்போது தொப்பென்று சத்தம் கேட்கும். தலையணைக்குப் பஞ்சு தரும் இலவ மரம் வேறு. அது அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது, பூவும் வெளிர்மஞ்சள் வெள்ளை. கல்யாண முருங்கைக்கும் புரசுக்கும் மூன்று மூன்றாய் இலை. அதனால் இலையை வைத்து முடிவு செய்ய முடியாது. கிளையில் முள் இருந்தால் அது கல்யாண முருங்கை. முள் இல்லாமல், மொட்டைப் பொதிந்த புல்லிவட்டம் கறுப்பு வெல்வெட்டைப் போலவும் அதற்குள்ளிருந்து கிளிமூக்கு வடிவில் செம்மஞ்சள் இதழ் எட்டிப் பார்ப்பதாகவும் இருந்தால் அது புரசு. பலாசம் என்றாலும் இதுவே. சென்னையின் புரசைவாக்கம் இந்த மரத்தின் பெயரைத் தாங்கியது என்பர். அங்கே போகிற எத்தனை பேர் புரசின் பூவைப் பார்த்திருப்பார்கள்?

புரசைப் பார்க்க விடிந்ததும் போய்விட வேண்டும். காலை எட்டு மணிக்குள் பூவில் தேன் நிறைந்திருக்கும், விருந்தாளிகளும் கூடியிருப்பார்கள்: மைனா, கரிச்சான், தேன்சிட்டு, அணில். சில இடங்களில் சூறைக்குருவிகள் கூட்டமாய் இறங்கும். இளஞ்சிவப்பு உடலும் கறுப்புத் தலையும் கொண்ட அந்தப் பறவைகள் குளிர்காலத்துக்கு இங்கே வந்து, வடக்கே திரும்பும் முன் முள்ளிலவிலும் புரசிலும் தேன் குடிக்கின்றன. பதினொரு மணிக்குப் போனால் மரம் அதே மரம்தான், நாடகம் முடிந்துபோயிருக்கும்.

சிவப்புக்கு நடுவே மஞ்சள் ஒன்றும் உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட பாறைச் சரிவுகளில் இலையே இல்லாத குட்டை மரத்தில் பளீரென்ற பெரிய மஞ்சள் பூ தெரிந்தால் அது கோங்கு. கீழே நின்று தேடுவதைவிட, எதிர்ச் சரிவிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் எளிதில் அகப்படும்.

பங்குனியில் வெள்ளைப் பூக்களின் முறை. முதலில் அழிஞ்சில். கோயில்காடுகளிலும் கரடுகளிலும் நிற்கும் முள்மரம். ஒல்லியான இதழ்கள் சுருண்டு பின்னோக்கி மடங்கும், நடுவில் தாள்கள் கொத்தாய்த் துருத்தி நிற்கும். மணத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் மாவிலங்கம் பூக்கும். நான்கே இதழ், நீண்ட ஊதாத் தாள்கள். புதுப்பூ வெள்ளை, பழம்பூ மஞ்சள். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருப்பதைப் பார்த்து வெவ்வேறு மரம் என்று எண்ணிவிடக் கூடாது.

வெட்பாலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் குடசப்பாலையோடு சேர்த்துக் குழப்பாதவர்கள் குறைவு. இரண்டுக்கும் எதிரெதிர் இலை, இரண்டிலும் பால், இரண்டிலும் மல்லிகையைப் போன்ற வெள்ளைப்பூ, இரண்டிலும் இரட்டைக் காய். பூவின் நடுவைப் பாருங்கள். இழை இழையாய்க் கிழிந்த குஞ்சம் இருந்தால் வெட்பாலை. ஒன்றுமில்லாமல் சிறு துளை மட்டும் தெரிந்தால் குடசப்பாலை. காயிலும் சோதிக்கலாம்: வெட்பாலையின் இரு காய்களும் இளமையில் நுனியில் ஒட்டிக்கொண்டு வளையம்போல் தொங்கும், குடசப்பாலையில் தொடக்கம் முதலே தனித்தனி. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு கைலென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் இந்த வேலை அரை நிமிடத்தில் முடியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பூவை அதனருகே கொண்டுவர வேண்டும். பலர் லென்ஸைப் பூவின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறார்கள்; அப்படிப் பார்த்தால் ஒன்றும் துலங்காது.

புங்கும் வேம்பும் ஊருக்கு உள்ளேயே பூப்பதால் அவற்றுக்குக் காடு தேட வேண்டியதில்லை. புங்கின் அடியில் காலையில் பொரி சிதறினாற்போல் பூ கிடக்கும். கிளையில் சில மொட்டுகள் மட்டும் உருண்டையாய்ப் பருத்திருக்கும். அவை பூக்கா, கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சியின் புழு உள்ளே வளர்வதால் வந்த வீக்கம் அது. காய் என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.

இலுப்பைக்கு நேரம் வேறு. அதை இரவில்தான் அறிய முடியும். மணம் இருட்டிய பிறகு எழும். பழந்தின்னி வௌவால்கள் வந்துபோகும். சதைப்பற்றான வெண்மஞ்சள் பூ விடியுமுன் உதிரத் தொடங்கும். அதிகாலையில் போனால் மரத்தடி முழுக்க உருண்டு கிடப்பதைக் காணலாம். வெயில் ஏறியபின் போனால் எறும்பு மொய்த்த எச்சம்தான் மிஞ்சும்.

சித்திரை, வைகாசியின் அரசி சரக்கொன்றை. இங்கேதான் பிழை அதிகம் நடக்கிறது. மஞ்சளாய்ப் பூத்த எந்த மரத்தையும் கொன்றை என்று எழுதிவிடுகிறோம். பத்திரிகைப் படக்குறிப்புகளும் இதற்கு விலக்கில்லை. சரம் தலைகீழாகத் தொங்க வேண்டும். ஓரடி முதல் இரண்டடி நீளம். இலைக்காம்பில் நான்கு முதல் எட்டு இணைப் பெரிய சிற்றிலைகள். போன ஆண்டின் கறுத்த உருளைக் காய் அதே மரத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நின்றால் அது கொன்றை இல்லை. சாலையோரத்தில் நடப்பட்ட மரம், காய் தட்டையாய்ச் செம்புநிறம் என்றால் இயல்வாகை. முதுமலை, சத்தியமங்கலம் பக்கத்துக் காடுகளில் சிறு சிற்றிலைகள் நிறைய உள்ள, நிமிர்ந்த மஞ்சள் கொத்து என்றால் அது அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து பரவிய சீமைக் கொன்றை. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் நெருக்கத்தில் உள்ளூர்ப் புல்லும் செடியும் முளைக்க இடமில்லாமல் போகிறது, மேய வரும் மானுக்கும் காட்டெருமைக்கும் தீனி குறைகிறது. அதன் விதையை "அழகான பூ" என்று வீட்டுக்குக் கொண்டுவந்து தூவாதீர்கள்.

சரக்கொன்றையின் ஒரு பூவைக் கையில் எடுத்தால் பத்துத் தாள்கள் மூன்று அளவில் இருக்கும்: நீண்டு வளைந்தவை மூன்று, நடுத்தரம் நான்கு, மிகச் சிறியவை மூன்று. மரத்தில் துளையிடும் பெரிய கருவண்டு, தச்சுத்தேனீ என்று சொல்வார்களே, அது பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்யும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் வெளியே கொட்டுகிறது. மரத்தடியில் அமைதியாக நின்றால், பறக்கும்போது ஒரு சுருதியும் பூவில் அமர்ந்ததும் சட்டென்று உயர்ந்த வேறொரு சுருதியும் காதில் விழும். பூக்காலத்தில் இதைவிட இனிமையான ஒலி எனக்குத் தெரியவில்லை.

வாகையையும் விட்டுவிடக் கூடாது. விளையாட்டுப் பக்கத்தில் வாரந்தோறும் யாராவது ஒருவர் "வெற்றிவாகை சூடுகிறார்". அந்தப் பூ பச்சையும் வெண்மையும் கலந்த பஞ்சுக்குஞ்சம் என்பதும், மாலை நேரத்தில் மணம் கூடும் என்பதும், சித்திரையில் நம் தெருமுனையிலேயே பூக்கிறது என்பதும் வாசிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். முந்தைய ஆண்டின் வைக்கோல்நிறத் தட்டைக் காய்கள் காற்றில் கலகலவென்று ஒலிப்பதே அதன் அடையாளம். குஞ்சம் இளஞ்சிவப்பாக இருந்தால் அது தூங்குமூஞ்சி, வெளிநாட்டிலிருந்து வந்த மரம்.

தரையை அறவே மறக்க வேண்டாம். எருக்கும் ஆவாரையும் நெருஞ்சியும் வெயிலிலேயே பூக்கின்றன. கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால், சில நாட்கள் கழித்துப் புதர்நிழலில் பாருங்கள்: நிலப்பனை ஆறிதழ் மஞ்சள் விண்மீனாய் மண்ணை ஒட்டிப் பூத்திருக்கும். புதுவை, கடலூர்ப் பக்கத்துக் கடலோரக் கோயில்காடுகளில் காயா (காசான் என்றும் சொல்வர்) கிளையோடு ஒட்டிக் கருநீலமாய்ப் பூக்கும். பூத்த சில நாட்களுக்குள் உதிர்ந்துவிடுவதால் அதைப் பார்ப்பவர்கள் குறைவு.

இனிப் பார்க்கும் முறை. பலரும் ஒரே நாளில் ஐம்பது கிலோமீட்டர் சுற்றி நூறு படம் எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுவரை மறந்துவிடுகிறார்கள். அதில் பூ தெரியும், பூக்காலம் தெரியாது. ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதில் நீர்நிலை ஓரம் கொஞ்சம், பழைய மரங்கள் கொஞ்சம், உழாத தரிசு கொஞ்சம் இருந்தால் போதும். அதே பாதையில் ஏழு நாளுக்கு ஒருமுறை, அதே நேரத்தில் நடங்கள். பத்து மரங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மொட்டு, விரிந்த பூ, பிஞ்சு, முற்றிய காய், தளிர் இலை ஆகியவற்றை "இல்லை", "மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு", "அதற்கு மேல்" என்று மட்டும் குறித்தால் போதும். சதவீதம் போட முயன்றால் வாரத்துக்கு வாரம் கை ஒரே மாதிரி எழுதாது. மூன்று படி என்றால் யார் எழுதினாலும் ஒத்துப்போகும். இத்தகைய வாராந்திரக் குறிப்புகளை நாடெங்கும் திரட்டும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது; பள்ளிகளும் தனியாட்களும் அதில் சேரலாம். ஒரே மரத்தை மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து குறித்த நோட்டு, நூறு அழகிய படங்களைவிட மதிப்புள்ளது. பூக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகும். ஏரிக்கரை மரமும் பாறைமேட்டு மரமும் ஒரே வாரத்தில் பூப்பதில்லை. எவ்வளவு முன்பின் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் பூவை மட்டும் எடுப்பதுதான் பெயர் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு முதற்காரணம். முழு மரம், அடிமரப் பட்டை, இலை கிளையில் எதிரெதிராக இருக்கிறதா மாறி மாறியா என்று தெரியும் ஒரு படம், பூ முன்பக்கம், பூ பக்கவாட்டில் புல்லிவட்டத்தோடு, காய் இருந்தால் அதுவும். மஞ்சள், சிவப்புப் பூக்கள் வெயிலில் வெறும் வண்ணத்திட்டாகப் பதியும். பூவின் மேல் திரையில் விரலால் தொட்டு, ஒளியளவைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். இதழின் நரம்புகூடத் தெரியும். வானத்தைப் பின்னணியாக வைத்தால் பூ கறுத்துவிடும். வெள்ளைப் பூவுக்குப் பின்னால் உங்கள் உள்ளங்கையையோ கறுப்புத் துணியையோ பிடியுங்கள். செயலி சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம், பட்டையும் காயும் ஒத்துவருகிறதா என்று பார்த்தபின் எழுதுங்கள். ஆடு மேய்ப்பவர்களிடம் ஒரு கீழே விழுந்த இலையைக் காட்டிக் கேட்டால் பெயர் கிடைக்கும், பயனும் கிடைக்கும். நுணாவை மஞ்சணத்தி என்பார்கள்; எழுதிக்கொள்ளும்போது கேட்ட சொல்லையே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

ஒவ்வொரு மரத்தடியிலும் பத்து நிமிடம் அசையாமல் நிற்பது நல்லது. நாம் வந்ததால் விலகிப்போன பூச்சியும் பறவையும் திரும்ப அவ்வளவு நேரம் ஆகும்.

பூவைப் பாடம் செய்ய, அதாவது அழுத்தி உலர்த்திப் பாதுகாக்க விரும்பும் குழந்தைகளுக்கு உங்கள் நாளிதழே நல்ல கருவி. உதிர்ந்த பூவை மட்டும் எடுத்து, பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் இதழ் மடங்காமல் பரப்பி, மேலும் கீழும் ஐந்தாறு தாள் வைத்து, ஐந்து முதல் பத்துக் கிலோ எடை ஏற்ற வேண்டும். வழவழப்பான வண்ண இணைப்பு வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது. முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பூ கறுத்துப் பூஞ்சை பிடிக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும். முள்ளிலவு, இலுப்பை போன்ற தடித்த பூக்களை நெடுக்காகப் பிளந்து வைத்து, முதல் இரண்டு நாளும் காலை மாலை இருவேளை தாள் மாற்றாவிட்டால் அழுகும். தாளின் ஓரத்திலேயே நாளும் இடமும் எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டது எழுதப்படுவதே இல்லை.

எச்சரிக்கைகள் சில. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள், பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். மாசியில் புதர்மேல் காய்ந்து தொங்கும் பூனைக்காலிக் காயின் பழுப்பு மயிர் காற்றிலேயே உதிர்ந்து மேலெல்லாம் அரிக்கும். உயர்ந்த முள்ளிலவ மரங்களில் மலைத்தேனீக்கள் அடை கட்டும். கீழே நிற்குமுன் கிளையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், வாசனைத் திரவியம் பூசிப் போகாதீர்கள். சருகு மூடிய இடத்தில் கால் வைக்குமுன் கோலால் தட்டுங்கள்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். மாசி, பங்குனி என்பது காட்டுத்தீயின் காலமும்கூட. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மேலே சொன்ன பூக்களில் கோங்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊர்ப்புறத்திலேயே தேடலாம். குறிஞ்சிக்காக இப்போது மலையேறுவதும் வீண்: 2006-இலும் 2018-இலும் பெருமளவில் பூத்த நீலக்குறிஞ்சியின் அடுத்த முறை 2030.

கிளையை ஒடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. "இவ்வளவு பூக்கிறதே, ஒரு கொத்துப் பறித்தால் என்ன" என்று கேட்பார்கள். கொன்றைச் சரம் பறித்த சில மணி நேரத்தில் உதிர்ந்துவிடும். வீட்டில் அது அழகே இல்லை. மரத்துக்கோ அந்தக் கிளையில் வரவிருந்த காய் போயிற்று. இதைவிடப் பெரிய இழப்பு, கோடையில் சாலையோரப் புல்லுக்குத் தீ வைப்பதும், மின்கம்பிக்கு இடையூறு என்று பங்குனியில் கிளைகளை மொட்டையடிப்பதும். மொட்டு வைத்த கிளையை வெட்டினால் அந்த ஆண்டுப் பூவே இல்லை. வெட்டித்தான் தீர வேண்டும் என்றால் சரக்கொன்றையையும் வாகையையும் பூ முடிந்த ஆனி, ஆடியில் வெட்டலாம். உள்ளாட்சி அமைப்புகள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்யக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாசி முதல் வைகாசி வரை வாரம் ஒருமுறை, நான்கு அங்குல இடத்தில், "இந்த வாரப் பூ" என்று ஒன்றை வெளியிடுங்கள். ஒரு படம் பூவுக்கு, ஒரு படம் காய்க்கு, வட்டாரப் பெயர்கள், குழம்பக்கூடிய மற்றொரு மரம் எது, எப்படி வேறுபடுத்துவது என்று இரண்டு வரி, பார்க்க வேண்டிய நேரம். வாசகர்கள் தங்கள் ஊரில் முதற்பூ கண்ட நாளை அஞ்சலட்டையில் அனுப்பச் சொல்லி, அடுத்த வாரம் மாவட்டவாரியாக அச்சிடலாம். பதினாறு வாரத்துக்குப் பதினாறு மரம் வேண்டும். இந்தக் கடிதத்திலேயே அதற்குமேல் இருக்கின்றன. முள்ளிலவில் தொடங்குங்கள், அதுதான் முதலில் உதிர்ந்து முடிகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்